பத்து ராகங்கள், மூன்று இயந்திரங்கள்: மும்பையின் சரண்ஜித் சிங் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1982-ஆம் ஆண்டு மும்பையில் பதிவாகி, எச்.எம்.வி. முத்திரையுடன் வெளிவந்து, சில மாதங்களிலேயே கடைகளின் பின்வரிசைக்குப் போய்விட்ட ஓர் எல்.பி. இசைத்தட்டை, 2010-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற சிறு வெளியீட்டு நிறுவனம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வாசித்தவர் சரண்ஜித் சிங். திரைப்பட இசைக்குழுக்களில் கித்தாரும் கீபோர்டும் வாசித்து வாழ்ந்த அவருக்கு அப்போது எழுபது வயது. மறுபதிப்பு வெளியான சில வாரங்களுக்குள் ஐரோப்பிய இசை இதழ்கள் ஒரு பெரிய கேள்வியை எழுப்பின: 'ஆசிட் ஹவுஸ்' என்ற மின்னணு நடன இசை வகை 1980-களின் நடுவில் சிகாகோவில் பிறந்தது என்பதே இதுவரை எழுதப்பட்ட வரலாறு, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மும்பையில் ஒருவர் அதை வாசித்து முடித்துவிட்டாரா?

அந்தக் கேள்வி தட்டுக்குப் புகழைத் தேடித் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அது பிழையான கேள்வி என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. 'முதலில் செய்தவர் யார்' என்ற ஓட்டப்பந்தயக் கணக்கில் சரண்ஜித் சிங்கை நிறுத்தினால், அவர் உண்மையில் எந்தச் சிக்கலை எதிர்கொண்டார், எந்தத் தொழிற்பயிற்சி அவரை அதற்குத் தயார்படுத்தியது, ஏன் அவருடைய தீர்வை அவருடைய ஊரே காதில் வாங்கவில்லை என்ற மூன்றும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

கூலிக்கு வாசித்தவர்

1940-இல் பிறந்த சரண்ஜித் சிங், 1960-கள் தொடங்கி 1980-கள் வரை இந்தித் திரையிசையின் பதிவுக் கூடங்களில் வாசித்தார். அக்காலத்தில் ஒரு பாட்டுக்கு ஐம்பது பேர், சில வேளைகளில் நூறு பேர் கூடுவார்கள். வயலின் வரிசையில் கோவாக்காரர்கள், தாள வாத்தியங்களில் வட இந்தியர்களும் மகாராஷ்டிரரும், அக்கார்டியனிலும் பியானோவிலும் பார்சிகளும் ஆங்கிலோ இந்தியர்களும் என்று பம்பாயின் எல்லாச் சமூகங்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும். ஊதியம் ஷிஃப்ட் கணக்கில் வரும். தட்டின் உறையில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்கள் மட்டுமே வரும். வாத்தியக்காரர் பெயர் வருவது அபூர்வம்.

இந்த ஏற்பாட்டில் நிலைத்து நிற்க ஒரு தனித் திறமை வேண்டும். காலையில் ஒருவருக்கு மேற்கத்திய நடன இசை, மாலையில் இன்னொருவருக்கு ராக அடிப்படையிலான மெல்லிசை என்று மாறி மாறி வாசிக்க வேண்டும். இரண்டிலும் 'தெரியாது' என்று சொல்ல இடமில்லை. அதோடு, புதிய கருவி ஒன்று கைவசம் இருந்தால் அதுவே அழைப்பைக் கொண்டுவரும். மினிமூக் என்ற சிந்தசைசரை, அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியை, இந்தித் திரையிசைக்குக் கொண்டுவந்தவராகப் பேசப்படும் கெர்சி லார்டும் அப்படி மதிக்கப்பட்டவர். சரண்ஜித் சிங்கும் அதே வரிசையில் வருகிறார். 1971-இல் வெளிவந்த 'தம் மாரோ தம்' பாட்டின் தொடக்கத்தில் பனிமூட்டம் போலப் படரும் அந்த நீண்ட சுருதி, டிரான்சிகார்டு என்ற மின் அக்கார்டியனில் அவர் வாசித்தது. பாட்டைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கானோர். வாசித்தவர் பெயரை அறிந்தவர்கள் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்தாம். பிற்காலத் தட்டைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு தகவல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் அடியில் ஓடும் ஒரே சுருதியின் மேல் எல்லாவற்றையும் கட்டும் பழக்கம் அவர் விரல்களில் 1982-க்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

பதிவுக் கூடத்துக்கு வெளியே அவர் திரைப்பாட்டு மெட்டுகளை வாத்தியத்தில் வாசித்த தட்டுகளை வெளியிட்டார். திருமண வரவேற்புகளில் குழுவோடு வாசித்தார். இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அன்றைய பம்பாயில் கீபோர்டு வைத்திருந்த பலரும் செய்த பிழைப்புதான்.

மூன்று பெட்டிகள்

தட்டில் மூன்று கருவிகள் ஒலிக்கின்றன. மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத் தயாரிப்புகள். 1980-இல் வந்த டி.ஆர்-808 ஒரு தாள இயந்திரம். 1981-இல் வந்த ஜூபிட்டர்-8 ஒரே நேரத்தில் எட்டு சுரங்களை ஒலிக்கக்கூடிய விலையுயர்ந்த சிந்தசைசர். மூன்றாவதான டி.பி-303 கைக்கடக்கமான வெள்ளிநிறப் பெட்டி. தனியாகப் பயிற்சி செய்யும் கித்தார்க்காரருக்கு பாஸ் கித்தார் துணை கிடைக்கட்டும் என்பதற்காகத் தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்தது. இந்தியாவில் அப்போது வெளிநாட்டு மின்னணுப் பொருளுக்குச் சுங்க வரியும் உரிமக் கெடுபிடியும் கடுமை. சரண்ஜித் சிங் தம் கருவிகளைச் சிங்கப்பூரில் வாங்கி வந்தார்.

டி.பி-303-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், வழக்கே அதைச் சுற்றித்தான் இருக்கிறது. அதில் ஒரு சுழற்சிக்குப் பதினாறு இடங்கள் உண்டு. சுரங்களை ஒரு முறையும் அவற்றின் கால அளவுகளை இன்னொரு முறையுமாகத் தனித்தனியே பதிய வேண்டும். எனவே நினைத்த வரியைப் பதிவது பெரும்பாடு, நினைக்காத வரி பதிவாகிவிடுவது எளிது. மேற்பலகையில் ஆறு குமிழ்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஒலியின் உயர் அதிர்வெண்களை வடிகட்டுகிறது. இன்னொன்று வடிகட்டும் விளிம்பைக் கூர்மையாக்குகிறது. இரண்டையும் சேர்த்துத் திருகினால், ஈரமான கண்ணாடியில் விரலைத் தேய்ப்பது போன்ற ஒரு கீச்சொலி எழும். இவை தவிர, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வெட்டாமல் வழுக்கிச் செல்லும் வசதியும் உண்டு. நிஜ பாஸ் கித்தார் போல ஒலிக்க வேண்டும் என்பது நோக்கம். அப்படி ஒலிக்கவே இல்லை. ஏறக்குறைய பத்தாயிரம் பெட்டிகள் செய்து, 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

விலை போகாத அந்தப் பெட்டிகள் அமெரிக்காவில் பழைய பொருள் கடைகளுக்கு வந்தன. சிகாகோவில் டி.ஜே. பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்கள் அப்படி ஒன்றை வாங்கி, பதிந்த வரியை ஓடவிட்டுக் குமிழ்களைத் திருகிக்கொண்டே ஒரு நீண்ட பதிவைச் செய்தார்கள். 'மியூசிக் பாக்ஸ்' நடனக் கூடத்தில் தட்டுகளைச் சுழலவிடும் டி.ஜே.யான ரான் ஹார்டி அதை ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கவிட்டதாகச் சொல்வார்கள். முதல் முறை ஆடுகளம் காலியானதாம், நான்காம் முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியதாம். 'ஃப்யூச்சர்' என்ற குழுப்பெயரில் 1987-இல் வெளிவந்த அந்த 'ஆசிட் டிராக்ஸ்' தான் ஆசிட் ஹவுஸின் தொடக்கம் என்று எழுதப்படுகிறது.

தட்டில் இருப்பது என்ன

பத்து ராகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம்: பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக்மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விடியலில் தொடங்கி, முற்பகலையும் பிற்பகலையும் மாலையையும் நள்ளிரவையும் கடந்து, மீண்டும் விடியலுக்கே வந்து முடிகிறது. மாலைக்குரிய பூபாலி மூன்றாவது இடத்தில் நிற்பது மட்டும் உறுத்துகிறது. பெயரை நம்பி இது காலை ராகம் என்று நம்மவர் நினைக்கக்கூடும், நம் பூபாளம் விடியலுக்கு உரியதல்லவா; ஆனால் இந்துஸ்தானி பூபாலி நம் மோகனம்.

மும்பையின் மாட்டுங்காவில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு ஞாயிறு பிற்பகலில் இந்தத் தட்டை முழுவதும் கேட்டோம். எங்களில் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகக் கர்நாடக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி. ராகப் பெயர்களை நாங்கள் சொல்லவில்லை. பைரவைக் கேட்டதும் மாயாமாளவகௌளை என்றார். யமன் கல்யாணி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், கலாவதி வலஜி என்று அடுத்தடுத்துப் பிடித்தார். தோடி வந்தபோது 'சுபபந்துவராளி' என்றார். சரிதான், இந்துஸ்தானித் தோடியின் சுரங்கள் அவைதாம். லலித்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினார். இரண்டு மத்தியமங்களும் அடுத்தடுத்து வந்து, பஞ்சமம் அறவே இல்லாத அந்த ராகத்துக்கு நேர் ஒப்பு நம் பக்கத்தில் இல்லை. ஆறாவது துண்டு முடிந்ததும் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ராகம் ராகமாத்தான் இருக்கு, அதுல தப்பே சொல்ல முடியாது. ஆனா அந்த மத்தளம் ஏன்டாப்பா மூச்சே விடாம அடிச்சுண்டே இருக்கு?"

இந்த ஒற்றைக் கருத்துக்குள் தட்டின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். டிஸ்கோ இசை கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சேர்க்கை) மாற்றங்களை நம்பி ஓடுவது. நான்கு அல்லது எட்டுத் தாளச் சுற்றுகளுக்கு ஒரு முறை அடித்தளம் நகரும், அந்த நகர்வே கேட்பவரை இழுத்துச் செல்லும். ராகமோ ஆதார சட்ஜத்தை நகர விடாது. மால்கௌன்ஸிலும் லலித்திலும் பஞ்சமமே கிடையாது என்பதால், எந்த டிஸ்கோ பாஸ்காரரும் யோசிக்காமல் கையை வைக்கும் சட்ஜ பஞ்சம வரியைக்கூட அங்கே வாசிக்க முடியாது. சரண்ஜித் சிங் கார்டு மாற்றங்களைக் கைவிட்டார். பாஸ் வரிக்கு ராகத்தின் சுரங்களை மட்டுமே கொடுத்தார். நடன இசையில் கார்டுகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தாளமும், சுழலும் பாஸ் வரியும், ஒரே சுருதியும்தான். ஐரோப்பியக் காதுகள் 2010-இல் 'இவ்வளவு சிக்கனமான மின்னணு இசையா' என்று வியந்தது இதைக் கேட்டுத்தான். அந்தச் சிக்கனம் நவீன ரசனையால் வந்ததன்று. ராக இலக்கணத்தை மீறக் கூடாது என்ற பழைய கண்டிப்பால் வந்தது. டி.பி-303 இங்கே செய்வது ஏறக்குறைய தம்புராவின் வேலை. ஓரிடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருக்கும் தம்புரா என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சிகாகோ பதிவுடன் ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. அங்கே சுர வரி மாறுவதே இல்லை. குமிழைத் திருகுவதால் ஒலியின் நிறம் மாறுகிறது, அந்த நிறமாற்றமே பாட்டு. இங்கே ஜூபிட்டர்-8-இல் வலக்கை வாசிக்கும் ராக மெட்டே பாட்டு. அடியில் நிறம் மாறுவது அலங்காரம். ஒரே பெட்டி, ஒரே பதினாறு இடச் சுழற்சி, ஒரே வழுக்கல் என்பதால் இரண்டும் காதுக்கு உறவினர் போல ஒலிக்கின்றன. உறவு இயந்திர வழி உறவுதான். டி.பி-303-ஐ 1983-இல் ஸ்காட்லாந்தின் 'ஆரஞ்சு ஜூஸ்' குழுவும் இத்தாலியின் அலெக்சாண்டர் ரோபாட்னிக்கும்கூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களை யாரும் ஆசிட் ஹவுஸின் தந்தையாக்கவில்லை.

இனி மாமியின் மறுபாதி. தாளம் மூச்சு விடுவதில்லை என்பது உண்மை. 808-இன் உதை முரசு ஒவ்வொரு அடியிலும் விழுகிறது. ஆலாபனை விரிய அவகாசம் இல்லை. தபலாக்காரர் மெட்டைக் கேட்டுப் பதில் சொல்வது போன்ற உரையாடல் எதுவும் இல்லை. தபலாவை நிறுத்திவிட்டு டிஸ்கோ தாளத்தைப் போடுவதே தம் யோசனை என்று சரண்ஜித் சிங் பிற்காலப் பேட்டிகளில் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். அப்போது படங்களில் எங்கு பார்த்தாலும் டிஸ்கோவாக இருந்தது. அதையே வைத்து வேறு ஏதாவது செய்தால் என்ன என்று தோன்றியது என்பதே அவர் தந்த விளக்கம். புரட்சி எதையும் அவர் அறிவிக்கவில்லை.

சுர நுட்பத்திலும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. சிந்தசைசர் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டுகிறது. ஸ்தாயிக்கு 1,200 சென்ட் என்று வைத்தால், தம்புராவோடு இசையும் அந்தர காந்தாரம் 386 சென்ட் அளவில் நிற்க, கீபோர்டின் காந்தாரம் 400-இல் நிற்கிறது. யமனில் இந்தப் பதினான்கு சென்ட் பயிற்சியுள்ள காதுக்கு நன்றாகவே கேட்கும். பைரவில் சிக்கல் இன்னும் பெரிது. அதன் ரிஷபம் அசைந்தாடும் சுரம். கட்டையை அழுத்தியதும் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் கருவியில் அந்த ஆந்தோலனத்தை எப்படிக் காட்டுவது? சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் வசதிகளைக் கொண்டு அவர் முடிந்தவரை ஈடுகட்டுகிறார். கமகம் வராது என்பது உட்படப் பல குறைகளைச் சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே விலக்கி வைத்திருந்த நாட்டில், பதினோரு ஆண்டுகள் கழித்து ஒருவர் முழுக்க முழுக்கக் கட்டைகளிலும் குமிழ்களிலும் ராகம் வாசித்து, அதில் ஒரு பகுதி அதே வானொலியில் ஒலிபரப்பாகவும் செய்தது என்பதை நினைத்துப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வருகிறது.

முதல் துண்டின் தொடக்கத்தில் இயந்திரக் குரலில் 'ஓம் நமச்சிவாய' ஒலிக்கிறது. எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு அது பிடித்தது, எனக்கு ஒட்டவில்லை.

விற்காமல் போனது ஏன்

வானொலியில் கொஞ்சம் ஆர்வம் எழுந்தும் தட்டு விற்கவில்லை. காலத்துக்கு முந்திப் பிறந்ததால் யாருக்கும் புரியவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது விளக்கமாகாது. 1982-இல் பம்பாய்க்கு டிஸ்கோ புரியாமல் இல்லை. பெங்களூரில் பிறந்து லண்டனில் பெயர் பெற்ற இசையமைப்பாளர் பித்து 1980-இல் 'குர்பானி' படத்துக்காக அமைத்த ஒரே பாட்டு நாட்டை ஆட்டிவைத்திருந்தது. அடுத்த ஆண்டே நாசியா ஹசனின் டிஸ்கோ தட்டு வந்தது. 1982 முடிவதற்குள் பப்பி லஹிரியின் இசையில் 'டிஸ்கோ டான்சர்' வெளியானது. சந்தை இருந்தது, அந்தச் சந்தைக்கு வேண்டியவை குரலும் முகமும் கதையும். சரண்ஜித் சிங்கின் தட்டில் பாடகர் இல்லை, படம் இல்லை, ஆட நடிகரும் இல்லை. மறுபக்கம், ராக இசை கேட்பவர் ஷண்முகானந்தா அரங்கில் மூன்று மணி நேரம் உட்காரக்கூடியவர். ஐந்து நிமிட மால்கௌன்ஸ் அவருக்குத் துணுக்கு, அதிலும் டிஸ்கோ தாளத்துடன் என்றால் தட்டின் தலைப்பைப் படித்ததுமே கீழே வைத்துவிடுவார். நடனக் கூடங்களில் தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழலவிட்டு இரவு முழுவதும் ஆடும் வழக்கம் சிகாகோவில் இருந்தது. குரலில்லாத நீண்ட பதிவு அங்கே பிழைத்தது அதனால்தான். பம்பாயில் அத்தகைய இடங்கள் ஒரு சில உயர்தர ஓட்டல்களுக்குள் அடங்கிவிட்டன.

இன்னொரு காரணம் அவருடைய தொழிலிலேயே இருந்தது என்று நினைக்கிறேன். இருபது ஆண்டுகள் பிறர் பெயரில் வாசித்தவருக்குத் தம் பெயரைச் சந்தைப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் வரவில்லை. தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாசிக்கும் தமிழ் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றின் கீபோர்டு கலைஞரிடம் இதைப் பற்றிப் பேசினேன். தட்டைக் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது தாளப் பெட்டியைப் பற்றி. "அண்ணே, எங்க தொழில்ல ரிதம் பாக்ஸ் முதல்ல வந்ததே டிரம்மர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான். கல்யாண வீட்டுல அஞ்சு பேர் குழுவுக்குப் பேசின காசை மூணு பேர் பிரிச்சுக்கலாம்ல?" என்றார். கல்யாணக் கச்சேரியில் வாசித்துவந்த ஒருவர் தனியாளாக முழு இசையையும் எழுப்பும் கருவிகளை வாங்கியதில் கலை ஆர்வத்துடன் இந்தக் கணக்கும் கலந்திருக்க வாய்ப்புண்டு. அது எந்த வகையிலும் தட்டின் மதிப்பைக் குறைக்காது.

இந்தக் கணக்கு பிறகு திரும்பியும் அடித்தது. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் சிந்தசைசரும், பதிந்த சுரங்களைத் தானே வாசிக்கும் சீக்வென்சரும் பதிவுக் கூடங்களை நிரப்பியபோது, நூறு பேர் கூடிய வாத்தியக் குழு மெல்ல மெல்லக் கலைந்தது. தமிழ் வாசகருக்குப் புதிய கருவிகளின் சுழலோசை என்றதும் 1986-இன் 'புன்னகை மன்னன்' நினைவுக்கு வரும். அந்த மாற்றத்தைச் சென்னை ஒரு கொண்டாட்டமாக நினைவில் வைத்திருக்கிறது. மும்பையின் வயலின் வரிசைகளுக்கு அது வேலையிழப்பாகவும் இருந்தது. சரண்ஜித் சிங் அந்த வரிசைகளுக்கு நடுவே அமர்ந்து வளர்ந்தவர். அவற்றின் இடத்தைப் பிடிக்கவிருந்த இயந்திரங்களை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரும் அவரே.

கண்டெடுப்பும் வழக்கும்

2002-இல் டெல்லியில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் எடோ பௌமன் என்ற டச்சுச் சேகரிப்பாளர் கையில் இந்தத் தட்டு அகப்பட்டது. இந்தித் திரையிசைத் தட்டுகளைத் தேடி வந்தவர் அவர். கேட்டதும் தமக்கு ஆசிட் ஹவுஸ்தான் நினைவுக்கு வந்தது என்று அவர் கூறியிருக்கிறார். மும்பையில் சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்து, தட்டின் கதையை அவர் வாயாலேயே கேட்டு, உரிய அனுமதியுடன் மறுபதிப்புக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் சிலர் அதை நம்பவே இல்லை. யாரோ ஒரு நவீன இசைக்கலைஞர் பழைய உறை அச்சடித்துச் செய்யும் கேலி என்றார்கள். பிரிட்டனின் மின்னணு இசைக்கலைஞர் அபெக்ஸ் ட்வினின் பெயர்கூட அடிபட்டது. எச்.எம்.வி. தட்டு, அதைச் செய்தவர், அவர் வாழும் நகரம் எல்லாம் கண்முன் இருந்தும் இந்தச் சந்தேகம் எழுந்ததற்குக் காரணம் ஒலியில் இல்லை. பம்பாயின் ஒரு திரைப்பட வாத்தியக்காரருக்கு இது சாத்தியம் என்று அவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

அந்தக் கற்பனை வறட்சி நமக்கும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே ஒரு மூக் சிந்தசைசர் இருந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அதை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் அதில் இசை செய்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் தேடி எடுத்த பிறகு, 2023-இல்தான் தட்டாக வெளிவந்தன. இரண்டு சம்பவங்களிலும் வெளியே இருந்து ஒருவர் வந்து பெட்டியைத் திறந்தார். அகமதாபாத் இசை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, கேட்பவரை எதிர்பார்க்கவில்லை. சரண்ஜித் சிங்கின் இசை கடையில் விற்க வந்தது, கேட்பவரை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அந்த வகையில் அவருடைய தோல்வி கூடுதல் கசப்பானது.

ஆக, அவர் விட்டுச் சென்றது என்ன? செல்வாக்கு என்று பார்த்தால், 1987-இன் சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டதற்கான தடயம் ஏதுமில்லை. அவர்களுடைய கண்டுபிடிப்பு அவர்களுடையதே. இந்தியாவில் 1980-களிலோ 1990-களிலோ யாரும் இந்த வழியைத் தொடரவில்லை. எனவே 'முன்னோடி' என்ற சொல்லை, பின்னால் ஒரு படை வந்தது என்ற பொருளில் இவருக்குப் பயன்படுத்த முடியாது. மறுபதிப்புக்குப் பின் வந்த தலைமுறைக்கு, சிந்தசைசரில் ராகம் என்பது மேலே தூவும் மணப்பொடியாக இருக்க வேண்டியதில்லை, கட்டமைப்பாகவே இருக்கலாம் என்பதற்கு ஒரு சான்று கிடைத்திருக்கிறது. மின்னணு நடன இசையில் சிதாரின் ஒரு துணுக்கை ஒட்டவைத்து 'இந்தியத் தன்மை' என்று விற்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், இந்தத் தட்டில் ஒரு சிதார்கூட இல்லை. இலக்கணம் மட்டுமே இருக்கிறது. ராகத்தை நகல் எடுக்காமல் அதன் விதிகளை இயந்திரத்துக்குக் கொடுத்ததே அவர் செய்த வேலை. இதை நான் மிகைப்படுத்துவதாகச் சிலர் கருதலாம். பத்தில் மூன்று துண்டுகள், குறிப்பாக மேக்மல்ஹார், எந்திரத்தனமாகவே முடிகின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எழுபது வயதுக்குப் பிறகு அவருக்கு மேடை கிடைத்தது. ஐரோப்பாவுக்குப் போனார், அவர் தட்டு வெளிவந்தபோது பிறந்திராத இளைஞர்கள் முன்னால் தலைப்பாகையும் கோட்டும் அணிந்து நின்று, அதே ராகங்களை அதே வகைக் கருவிகளில் வாசித்தார். டச்சுக்காரர் ஒருவர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள, இவர் கீபோர்டை வாசித்தார். ஒருவகையில் அதுவும் பழைய பதிவுக் கூட ஏற்பாடுதான், இந்த முறை சுவரொட்டியில் அவர் பெயர் இருந்தது. 2015 ஜூலையில் மும்பையில் அவர் காலமானார்.

மாட்டுங்காவில் அன்று தட்டு முடிந்தபோது மாமி கடைசித் துண்டை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார். பைராகி, நம் ரேவதி. பாதி வரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மத்தளத்தை மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். டி.ஆர்-808-இல் ஒவ்வொரு தாள ஒலிக்கும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் தனித்தனிக் குமிழ் உண்டு. எங்களிடம் இருந்தது தட்டு மட்டுமே என்பதால் எல்லா ஒலியையும் சேர்த்தே குறைத்தேன். மாமி வேண்டாம், பழையபடியே இருக்கட்டும் என்றார்.